வீட்டுப் பாலுக்கு வெள்ளாடு
சினைக்காலம் முதல் கறவை வரை கவனிக்க வேண்டியவை

பசுவையோ எருமையையோ வைத்துப் பராமரிக்க வைக்கோல், தண்ணீர், ஆள் ஆகிய மூன்றும் குறைவின்றி வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மாடு கட்டுவது நஷ்டத்திலேயே முடியும். ஆயினும் மாடு கட்ட வசதியில்லாத வீட்டிலும் குழந்தைகளுக்கும் வயோதிகர்களுக்கும் அன்றாடம் பால் தேவைப்படுகிறது. இக்குறையைத் தீர்க்க வல்லது வெள்ளாடு. அது தின்னும் தழை பெரும்பாலும் வேலியிலும் வரப்பிலும் கிடைப்பது. அதற்கு வேண்டிய இடமோ சொற்பம். பெண்டிரும் சிறுவரும் அதனை எளிதில் கையாளலாம். ஏழையின் பசு என்று அதற்கு வழங்கும் பெயர் பொருத்தமானதே. காந்தியடிகள் பசும்பாலையும் எருமைப் பாலையும் விலக்கி, 1919-ம் வருஷம் முதல் வெள்ளாட்டுப் பாலை ஆகாரமாகக் கொண்டதும் யாவரும் அறிந்த செய்தியாம்.

இங்ஙனமிருந்தும், உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமங்களில் வெள்ளாடு பெரும்பாலும் இறைச்சிக்கும் விற்பனைக்குமே வளர்க்கப்படுகிறது. பாலுக்கென்று வாங்குவோரிலும் சிலர் ஓரிரு ஈற்றுடன் மனம் சலித்து விட்டுவிடுகின்றனர். காரணத்தை ஆராய்ந்தால், ஆட்டின் மடி சிறுத்தது என்பதைக் காட்டிலும் குட்டிகள் பிழைக்கவில்லை என்பதே பெரும்பாலும் வெளிப்படும். குட்டி இறந்தால் தாய் ஆடு விரைவில் பால் வற்றுகிறது. பிற்காலத்தில் கறவைக்கு வரவேண்டிய பெட்டைக்குட்டி போகிறது. விற்றுப் பணமாக்கக் கிடாக்குட்டியும் இல்லாமற்போகிறது. ஒரே இழப்பில் மூன்று வருமானங்கள் அழிகின்றன.

நம் முன்னோர் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளில், ஒரு நந்தா விளக்கு எரிப்பதற்கு 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்ட செய்தி பலவிடங்களில் காணப்படுகிறது. அவ்வாடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கக் கடமைப்பட்டிருந்தனர். அவ்வாடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு சாகாமலும் மூப்படையாமலும் இருப்பதெங்ஙனம்? இறந்ததற்கும் கிழடானதற்கும் பதிலாக அவற்றின் குட்டிகளே எண்ணிக்கையை நிறைத்து வந்தன. மந்தையின் முதல் குறையாதிருக்கும்வரை விளக்கும் அணையாது. வீட்டுக் கறவையும் அத்தகையதே. குட்டியைக் காப்பாற்றத் தெரிந்தவனுக்கே நிலையான பால் கிடைக்கும். ஆகவே சினையின் கடைசி இரண்டு மாதங்களும், குட்டி பிறந்த முதல் சில நாட்களும் இக்கட்டுரையில் விரிவாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

ஆட்டைத் தெரிந்தெடுத்தல்

நாட்டு வெள்ளாடு குட்டிகளுக்குப் போக வீட்டிற்குக் கால் லிட்டர் முதல் அரை லிட்டர் வரை பால் தந்தாலே அது நல்ல ஆடு. தென் ஜில்லாக்களின் கன்னி ஆடும் கொடி ஆடும், சேலம் பக்கத்துக் கருப்பு ஆடும் இறைச்சிக்குப் பெயர் பெற்றவை, கறவையில் சிறந்தவையல்ல. பாலுக்கென்று பெயர் பெற்ற இனங்களுள் ஐக்கிய மாகாணம் என்று முன்னர் வழங்கிய உத்தரப் பிரதேசத்து எடாவா ஜில்லாவின் ஜமுனாபாரி முதன்மையானது. வளைந்த மூக்கும், தொங்கும் நீண்ட காதுகளும், உயர்ந்த கால்களும் உடைய இவ்வாடு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை கறக்கக் கூடியது. இங்கிலாந்தில் ஆங்கிலோ நூபியன் என்னும் புகழ்பெற்ற பால் இனத்தை உண்டாக்கியபோது இதன் இரத்தமும் அதிற் கலக்கப்பட்டது. ஆனால் ஜமுனாபாரி பெரும்பாலும் ஒற்றைக் குட்டியே ஈனும். திறந்த வெளியில் செடிகொடிகளை மேய்ந்து பழகியது. ஈரமும் நெருக்கமும் அதற்கு ஒவ்வா.

நமது வட்டாரத்திற்கு மலையாளக் கரையின் தலைச்சேரி ஆடு ஏற்றதெனலாம். உள்ளூர் ஆடுகளுடன் அரபு நாட்டினின்றும் வட இந்தியாவினின்றும் வந்த ஆடுகள் கலந்து உருவான இவ்வினம் உஷ்ணத்தையும் மழையையும் தாங்கும். இரட்டைக் குட்டிகள் ஈனுவது இதற்கு வழக்கம். நன்றாகத் தீனியிட்டால் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் அளவில் பால் தரும். அதிக விலை கொடுக்க இயலாதவர்கள், நல்ல பால் உள்ள தாயின் வயிற்றிற் பிறந்த தலைச்சேரிக் கிடாவை நாட்டுப் பெட்டைகளுடன் சேர்த்து, பிறக்கும் பெட்டைக்குட்டிகளைக் கறவைக்கு வைத்துக்கொள்ளலாம். கிடாவைத் தெரிந்தெடுக்கும்போது அதன் உருவத்தைவிட அதன் தாயின் மடியையே விசாரிக்க வேண்டும். தகப்பன் தன் மகளுடன் சேராதபடி இரண்டு வருஷத்திற்கொரு முறை கிடாவை மாற்றுவது அவசியம்.

வாங்கும் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கவும். இரண்டு பெரிய பற்கள் முளைத்திருந்தால் வயது சுமார் ஒன்றேகால் முதல் ஒன்றரை வருஷம்; நாலு பல் இரண்டு வருஷம்; எட்டும் நிறைந்து கடைசேர்ந்திருந்தால் மூன்றரை வருஷத்திற்கு மேல். இரண்டாம் ஈற்று ஆட்டைக் குட்டியுடன் வாங்குவது உத்தமம். மடி மிருதுவாயும், கறந்தபின் நன்கு சுருங்குவதாயும், காம்புகள் இரண்டும் ஒரே அளவாயும் இருத்தல் வேண்டும். கறந்தபின்னும் கெட்டியாக நிற்கும் மடி சதைமடி. அதில் பால் இராது.

இணை சேர்க்கும் காலம்

வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாட்கள், அதாவது ஐந்து மாதங்கள். நமது நாட்டு ஆடுகள் வருஷம் முழுவதும் பருவத்திற்கு வரும். சினைப்படாத ஆடு 18 முதல் 21 நாட்களுக்கு ஒரு முறை பருவமடையும். அது ஒன்று அல்லது இரண்டு நாள் நீடிக்கும். இடைவிடாது கத்துதல், வாலை ஆட்டுதல், தீனியில் நாட்டமின்மை ஆகியவை அதன் குறிகள். காலையில் பருவம் கண்டால் அன்று மாலையிலும் மறுநாட் காலையிலும் கிடாவுடன் சேர்க்கலாம். பெட்டைக்குட்டி தன் முழு எடையில் மூன்றில் இரண்டு பங்கை அடையுமுன் சேர்க்கலாகாது.

ஆடு எம்மாதத்திலும் சினைப்படும் என்பதனால் எம்மாதத்திலும் சேர்த்துவிடுவது பெருந் தவறு. வைகாசி, ஆனி மாதங்களிற் சேர்த்த ஆடு ஐப்பசி, கார்த்திகையில் ஈனும். அப்போது வடகிழக்குப் பருவமழை நம் பிரதேசத்தில் உக்கிரமாயிருக்கும். தரை நனைந்து, குளிர்காற்று வீசும் இரவில் பிறக்கும் இரண்டு கிலோக் குட்டியின் உடலிலுள்ள உஷ்ணம் விரைவில் வெளியேறிவிடும். மழை நாட்களில் இறக்கும் குட்டிகளுக்கு ஈரத் தரையே பெரும் எமன்.

இரண்டு ஆடுகளை வைத்திருப்பவர் கீழ்க்கண்ட ஏற்பாட்டைக் கைக்கொள்ளலாம். முதல் ஆட்டை ஆவணியிற் சேர்த்தால் அது தை மாதத்தில் ஈனும். மழையில் தழைத்த குழை அதன் சினைக்காலத்தின் கடைசி இரண்டு மாதங்களில் ஏராளமாய்க் கிடைக்கும். குட்டி பிறக்கையில் மழையும் ஓய்ந்திருக்கும். இரண்டாம் ஆட்டை மாசியிற் சேர்த்தால் ஆடியில் ஈனும். ஐப்பசி மழைக்குள் குட்டிகள் மூன்று மாதம் வளர்ந்து பால் மறந்திருக்கும். தை முதல் ஆனி வரை முதல் ஆடும், ஆடி முதல் மார்கழி வரை இரண்டாம் ஆடும் கறவையிலிருக்க, வருஷம் முழுவதும் வீட்டில் பால் அறாது. இதற்கு வேண்டிய செலவு, சேர்த்த தேதியைச் சுவரிலோ நோட்டிலோ குறித்துவைப்பது ஒன்றே.

கொட்டிலும் தீனியும்

கொட்டில் மேட்டு நிலத்தில், நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருத்தல் நலம். பெரிய ஆட்டிற்கு 10 முதல் 12 சதுர அடியும், குட்டியுடன் கூடிய தாய்க்கு அதற்குக் கூடுதலாயும் இடம் வேண்டும். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், சட்டங்களுக்கிடையே அரை அங்குலத்திற்குச் சற்று மேற்பட்ட சந்து விட்டுப் பரண் அமைத்தால் சாணமும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும். ஆடு உலர்ந்த இடத்திற் படுக்கும். இளங் குட்டிகளின் குளம்பு சந்தில் அகப்படாதபடி அவற்றின் பகுதியில் சாக்கோ உலர்ந்த வைக்கோலோ பரப்ப வேண்டும்.

உத்திரமேரூர்ப் பகுதி ஏரிப்பாசன நெற்பகுதியாதலால் வைக்கோல் மிகுதி. ஆனால் வைக்கோலை நம்பி ஆடு வளர்க்க முடியாது. மணிலாக் கடலைக்கொடி, உளுந்துப் பொட்டு, அகத்தி, கிளைரிசிடியா, கல்யாண முருங்கை, வேலிமசால் ஆகியவற்றையே ஆடு விரும்பித் தின்னும். சவுண்டல் தழையும் நல்லதே. ஆனால் அதில் மைமோசின் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால் மொத்தப் பசுந்தழையில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது. தழையைத் தரையிற் போடாமல் கட்டித் தொங்கவிட்டால் சேதமாகாது. புழுக்களின் முட்டைகளும் வயிற்றிற் புகா. வரப்பிலும் வேலிக்காலிலும் அகத்தியும் கிளைரிசிடியாவும் நட்டுக்கொள்ளும் நிலச்சுவான்தார் தம் ஆட்டை அயலான் பயிரில் விடவேண்டிய அவசியமே நேராது.

ஏரிக்கரையோரச் சேற்றிலும் நீர் தேங்கிய வரப்பிலும் ஆடுகளை மேய்ப்பது அபாயம். அவ்விடத்து நத்தைகளின் மூலம் ஈரல் தட்டைப்புழு பரவுகிறது. பனி உலராத காலைப் புல்லிலோ வயிற்றுப் புழுக்களின் இளம் பருவங்கள் ஏறி நிற்கின்றன. வெயில் ஏறியபின் மேட்டு நிலத்தில் விடுவதே முறை.

கறவை ஆட்டிற்கும் சினை ஆட்டிற்கும் அடர்தீனி வேண்டும். பத்துக் கிலோ தயாரிக்க, உடைத்த கம்பு அல்லது மக்காச்சோளம் 4 கிலோ, கடலைப் புண்ணாக்கு 2 கிலோ, தவிடு 3.7 கிலோ, தாது உப்புக் கலவை 200 கிராம், சாதாரண உப்பு 100 கிராம் கலந்துகொள்ளலாம். பூசணம் பிடித்த புண்ணாக்கை ஒருபோதும் இடலாகாது. அதில் உண்டாகும் நஞ்சு பாலிலும் இறங்கும். பொங்கல், கலியாணம் முதலிய காலங்களில் மீந்த சோற்றை ஆட்டின் முன் கொட்டுவது நம்மிடையே உள்ள கெட்ட வழக்கம். சோறும் அரிசியும் ஆட்டின் முதல் வயிற்றில் விரைவாய்ப் புளித்து அமிலமாகி, ஓரிரு நாளில் அதனைக் கொன்றுவிடும். அன்பினால் செய்யும் இக்காரியத்தால் மாளும் ஆடுகள் பல.

சினையின் கடைசி இரண்டு மாதங்கள்

குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி சினையின் கடைசி ஆறு முதல் எட்டு வாரங்களிலேயே நிகழ்கிறது. அதே காலத்தில்தான் மடியும் அடுத்த கறவைக்கு ஆயத்தமாகிறது. ஆகவே மூன்றாம் மாத முடிவில் ஆடு கறவையிலிருந்தால் பாலை வற்றச் செய்துவிட வேண்டும். இரண்டு மாத ஓய்வின்றிக் கறப்பவர் இன்றைய கால் லிட்டருக்காக நாளைய கறவையை அடகு வைப்பவரே.

இக்காலத்தில் நாளொன்றுக்கு 200 கிராமில் தொடங்கிச் சிறிது சிறிதாக 300 கிராம் வரை அடர்தீனி கொடுக்கவும். இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டின் வயிற்றில் இடம் குறைவாதலால், தீனியைச் சிறு சிறு பங்காகப் பல வேளை இடுதல் நன்று. போதிய ஆகாரமின்றிப் போனால் ஆடு தன் உடற்கொழுப்பைக் கரைத்துக் குட்டிகளைப் போஷிக்க முயலும். அதனால் இரத்தத்தில் நச்சு சேர்ந்து, தீனி மறுத்து, மந்தமாகி, கண் தெரியாததுபோல் நின்று கடைசியில் படுத்துவிடும். இக்குறிகளைக் கண்டவுடன் வைத்தியரை அழைக்க வேண்டும். தாமதித்தால் தாயும் குட்டிகளும் பிழைப்பது அரிது.

ஈனுவதற்குச் சுமார் நான்கு வாரத்திற்கு முன் துள்ளுமாரி நோய்க்குத் தடுப்பூசி போடுவித்தால், அதனால் தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி சீம்பாலின் வழியே குட்டிக்குச் சேரும். சினை ஆட்டை ஓட்டுவதும், குறுகிய வாசலில் நெருக்கித் தள்ளுவதும், மற்ற ஆடுகளுடன் முட்ட விடுவதும் கூடாது.

ஈனும் வேளை

ஈனுவதற்கு ஓரிரு நாள் முன்னே மடி நிறைந்து பளபளக்கும். வாலடியின் இருபுறமும் தளர்ந்து குழிவிழும். பின்னர் ஆடு தனித்து ஒதுங்கி, முன்காலாற் தரையைச் சீண்டி, படுப்பதும் எழுவதுமாயிருக்கும். அதற்கு உலர்ந்த புதுப் படுக்கையிட்ட தனியிடம் கொடுத்து, எட்ட நின்று கவனிக்க வேண்டும். பனிக்குடம் தோன்றியபின் முன்னங்கால்கள் இரண்டும், அவற்றின்மேல் பதிந்த மூக்குமாகக் குட்டி வெளிவருவதே இயற்கை. அவ்வாறு வருமானால் உதவி வேண்டியதில்லை. ஆடு ஒரு மணி நேரம் முக்கியும் குட்டி வராவிடில், அல்லது தலையின்றி ஒரு காலோ வாலோ மட்டும் தெரிந்தால், கழுவாத கையை உள்ளே விடாமல் கால்நடை வைத்தியரை வரவழைக்க வேண்டும். 1962 என்னும் தொலைபேசி எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

குட்டி விழுந்ததும் அதன் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைச் சுத்தமான துணியால் துடைக்கவும். தாய் நக்கட்டும், நக்குவதால் குட்டியின் உடல் காய்வதோடு இரத்த ஓட்டமும் பெருகும், தாய்க்குத் தன் குட்டியின் வாசனையும் பழகும். மூச்சு வராவிடில் உலர்ந்த சாக்கினால் விலாவை நன்றாகத் தேய்த்து, மூக்கினுள் வைக்கோற் துரும்பால் கிளர்த்தவும். தொப்புட்கொடியை உடலிலிருந்து ஓரங்குலம் விட்டுச் சுத்தமான நூலாற் கட்டி, அதற்குக் கீழே கொதிநீரிலிட்ட கத்தரியால் வெட்டி, டிங்சர் அயோடினில் தோய்க்கவும். இச்சிறு காரியத்தை அலட்சியம் செய்வதனால்தான் பல குட்டிகளுக்குத் தொப்புளில் சீழ் பிடித்து, மூட்டுகள் வீங்கி, இரண்டாம் வாரத்தில் நொண்டி மடிகின்றன.

சீம்பாலின் மகிமை

மனிதக் குழந்தை கருப்பையிலிருக்கும்போதே தாயின் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கைப் பெற்றுவிடுகிறது. ஆட்டுக்குட்டிக்கு அப்பாக்கியமில்லை. ஆட்டின் கருப்பை அமைப்பு அதனைத் தடுத்துவிடுவதால், குட்டி நோய்களை எதிர்க்கும் ஆயுதம் ஏதுமின்றியே பிறக்கிறது. அவ்வாயுதம் முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. குட்டியின் குடலோ அதனை முதல் சில மணி நேரம் மட்டுமே முழுமையாய் உறிஞ்சும். நேரம் செல்லச் செல்ல அச்சக்தி குன்றி, ஏறக்குறைய ஒரு நாளில் அறவே நின்றுவிடும். மறுநாள் எவ்வளவு சீம்பால் ஊட்டினும் அது ஆகாரமாகுமேயன்றிக் கவசமாகாது.

சில இல்லங்களில் நஞ்சு விழுந்த பின்னரே குட்டியை ஊட்டவிட வேண்டும் என்ற நம்பிக்கை இருந்துவருகிறது. இது குட்டிக்கு யமனாகும் வழக்கம். நஞ்சு விழப் பல மணி நேரமாகலாம். அதுவரை குட்டி பட்டினி கிடந்தால் மேற்சொன்ன நல்ல வேளை கழிந்துபோம். குட்டி ஊட்டுவதாலேயே கருப்பை சுருங்கி நஞ்சு விரைவில் விழும் என்பதையும் அறியவேண்டும். இன்னும் சிலர் சீம்பாலைக் கறந்து வெல்லமிட்டுக் காய்ச்சி வீட்டாருக்கும் அயலாருக்கும் பகிர்கின்றனர். குட்டிகளின் வயிறு நிறைந்து மிஞ்சியதை அங்ஙனம் செய்வதில் தடையில்லை. குட்டிக்கு முன் வீட்டார் உண்பதே பிழை.

ஆகவே குட்டி பிறந்த அரை மணி நேரத்திற்குள், மடியையும் காம்புகளையும் கழுவி, ஒவ்வொரு காம்பிலும் முதலிரண்டு பீச்சலை வெளியேற்றி அடைப்பு நீக்கி, குட்டியை ஊட்டவிடுக. இரண்டு கிலோ எடையுள்ள குட்டிக்கு ஒரு வேளைக்கு 100 மில்லியாக, முதல் நாளில் மூன்று நான்கு வேளையாவது சீம்பால் சேரவேண்டும். இரட்டைக் குட்டிகளில் வலியது இளைத்ததைத் தள்ளிவிடும்; இளைத்ததைத் தனியே பிடித்து ஊட்டுக. எழுந்து நிற்க முடியாத குட்டிக்குச் சீம்பாலைக் கறந்து, தலையை அதிகம் நிமிர்த்தாமல் பாட்டிலில் ரப்பர்க் காம்பு வைத்து மெதுவாய்ப் புகட்டலாம். சில்லிட்டிருக்கும் குட்டியை முதலில் உடல் சூடேற்றிப் பின்பே புகட்ட வேண்டும். தாய் இறந்துவிடில் அதே சமயம் ஈன்ற வேறொரு ஆட்டின் சீம்பால் உதவும்.

நஞ்சு 12 மணி நேரத்திற்குள் விழாவிடில் வைத்தியரிடம் சொல்லவும். அதனை இழுப்பதோ, அதிற் கல்லைக் கட்டித் தொங்கவிடுவதோ தகாது. விழுந்த நஞ்சை நாய் தின்னாதபடி சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க வேண்டும்.

குட்டிக்கும் வீட்டிற்கும் பங்கு

முதல் பத்துப் பதினைந்து நாட்கள் பால் முழுவதும் குட்டிக்கே உரியது. அதன்பின் குட்டிகளை இரவில் தாயினின்று பிரித்து, உலர்ந்த தனிக் கூண்டில் விட்டு, காலையில் கறந்துகொண்டு, பகல் முழுவதும் தாயுடன் விடலாம். அந்தக் காலைக் கறவையிலும் குட்டிகளுக்குச் சிறிது மீதம் வைப்பது முறை. மூன்றாம் வாரம் முதல் இளந்தழையைக் கட்டித் தொங்கவிட்டால் குட்டிகள் கடித்துப் பழகும். சுமார் மூன்று மாதத்தில் பால் மறக்கச் செய்யலாம்.

வீட்டிற்கு எவ்வளவு பால் எடுக்கலாம் என்ற கேள்விக்குத் தராசே விடை சொல்லும். வாரம் ஒரு முறை குட்டியைச் சாக்கிலிட்டு நிறுத்து எழுதிவைக்கவும். வாரத்திற்கு அரைக் கிலோவுக்குக் குறையாமல் எடை கூடுமாயின் வீட்டார் எடுக்கும் பங்கு நியாயமானது. குறைந்தால் வீட்டுப் பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாத வயதில் கழிச்சல் காணும் குட்டிகளின் சாணத்தைக் கால்நடை மருந்தகத்திற் சோதித்து, இரத்தக் கழிச்சலா, குடற்புழுவா என்று தெரிந்தபின் மருந்து கொடுப்பதே சரி. விற்பனைக்குரிய கிடாக்குட்டிகளுக்கு இரண்டு மூன்று மாதத்தில் காயடித்துவிடலாம்.

கறக்கும் முறை

நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே ஆள், ஒரே இடத்தில் கறத்தல் உத்தமம். ஆட்டை இரண்டடி உயர மேடையில் நிறுத்தி, முன்னே சிறிது தீனி வைத்தால் அமைதியாய் நிற்கும். கையையும் மடியையும் கழுவித் துடைத்து, முதற் பீச்சலைக் கறுப்புத் துணியின்மேல் விட்டுப் பார்க்கவும். திப்பி, இரத்தம், நீர்த்த நிறம் காணின் மடிநோய் என்று கொண்டு அந்தப் பாலை விலக்கி வைத்தியம் செய்விக்க வேண்டும். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் காம்பின் அடியில் அழுத்தி, மற்ற விரல்களை மேலிருந்து கீழாய் வரிசையாக மடக்கிக் கறக்கவேண்டும். கட்டைவிரலை மடக்கி வைத்து இழுத்துக் கறப்பதனால் காம்பு புண்ணாகி மடிநோய்க்கு வழி திறக்கிறது. பாலில் வாடை என்று பலர் குறைகூறுவர். கிடாவைக் கறவை ஆட்டுடன் கட்டுவதும், கொட்டிலுக்குள்ளேயே திறந்த பாத்திரத்திற் கறப்பதும் அதற்குப் பெரும்பாலும் காரணம். கிடாவைத் தூரக் கட்டி, கறந்த பாலை உடனே வடிகட்டி மூடினால் அக்குறை நீங்கும். பால் ஒவ்வொரு லிட்டருக்கும் 300 முதல் 400 கிராம் அடர்தீனியும், எந்நேரமும் சுத்தமான தண்ணீரும் வேண்டும்.

வெள்ளாட்டுப் பாலின் கொழுப்புத் துளிகள் சிறியனவாதலால் எளிதிற் சீரணிக்கும் என்பர். ஆனால் அதில் ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு. ஆதலால் ஒரு வயதுக்குட்பட்ட சிசுவிற்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இதையே முழு ஆகாரமாக்கினால் சோகை உண்டாகும். பசும்பால் ஒவ்வாத குழந்தைக்கு இது மருந்தென்று கொடுப்பதும் சரியன்று. பெரும்பாலும் இதுவும் ஒவ்வாது.

காய்ச்சாத பாலின் கேடு

மத்தியதரைக் கடலிலுள்ள மால்ட்டாத் தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்களை நெடுநாள் ஒரு விடாக் காய்ச்சல் வாட்டிவந்தது. 1887-ல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ வைத்தியர் அதன் கிருமியைக் கண்டார். அக்கிருமி எங்கிருந்து வருகிறதென்பது தெரியவில்லை. 1905-ல் ஸம்மிட் என்ற அத்தீவின் வைத்தியர், பார்வைக்கு ஆரோக்கியமாயிருந்த வெள்ளாடுகளின் இரத்தத்தைச் சோதித்து, நோய் அவற்றின் பாலில் வருவதை நிரூபித்தார். 1906-ல் சிப்பாய்களுக்கு ஆட்டுப் பால் நிறுத்தப்பட்டது. காய்ச்சலும் அவர்களிடையே மறைந்தது. புருசெல்லா என்னும் அக்கிருமி நம் நாட்டிலும் உண்டு. ஆகவே ஆட்டுப் பாலைப் பொங்கக் காய்ச்சாமல் எவரும் அருந்தலாகாது. ஆடு சினை கலைத்தால், அக்கருவையும் நஞ்சையும் வெறுங்கையாற் தொடாமல், உறையணிந்து எடுத்துப் புதைத்து, வைத்தியருக்கு அறிவிப்பது அவ்வீட்டாரின் சொந்த நன்மைக்காகும்.

கிராம அதிகாரிகளுக்கு

ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக 1987-ல் இன்றைய விழுப்புரம் ஜில்லாவின் அரசூரில் கண்டறியப்பட்டது. அது உத்திரமேரூருக்கு வெகு தூரமன்று. காய்ச்சலும், மூக்கு கண் ஒழுக்கும், வாய்ப்புண்ணும், கழிச்சலுமாகத் தோன்றி மந்தையையே வாரிக்கொண்டு போகும் இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. அரசூரில் எடுத்த கிருமியிலிருந்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தார் அதில் ஒன்றை உருவாக்கினர். மூன்று நான்கு மாதக் குட்டிக்கு ஒரு முறை போட்டால் சுமார் மூன்று வருஷம் காக்கும். ஆனால் ஊரில் பாதி ஆடுகளுக்குப் போட்டு மீதியை விட்டால் நோய் அம்மீதியின் மூலம் திரும்பி வரும். 2030-க்குள் இந்நோயை உலகிலிருந்தே ஒழிக்கச் சர்வதேச ஸ்தாபனங்கள் 2015-ல் தீர்மானித்துள்ளன. அத்தீர்மானம் நிறைவேறுவது ஊர்தோறும் ஒரு காலை வேளையில் எல்லா ஆடுகளும் ஓரிடத்திற் கூடுவதைப் பொறுத்தது. அதனைத் தண்டோரா மூலமாவது அறிவிப்புப் பலகை மூலமாவது கூட்டிவைக்க ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் முன்வந்தாலன்றி முடியாது.

2011-ல் தொடங்கிய விலையில்லா ஆடு வழங்கும் திட்டத்தின் கீழ் நிலமற்ற ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் அளிக்கப்பட்டன. அந்நான்கு எண்ணாயிற்றா, பட்டி வெறுமையாயிற்றா என்பதை ஆடு கொடுத்த தினம் தீர்மானிப்பதில்லை. குட்டி பிறந்த இரவே தீர்மானிக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட சாசனங்கள், ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பொதுக்காரியங்களுக்குப் பொறுப்பாளரைத் தேர்ந்த முறையை நமக்குக் காட்டுகின்றன. அத்தகைய ஊரில், புறம்போக்கின் ஓரத்தில் அகத்தியும் வேம்பும் நட்டு வளர்ப்பதும், இறந்த கால்நடையைப் புதைக்க ஓரிடம் ஒதுக்குவதும், தடுப்பூசி நாளைக் குறிப்பதும் பெருஞ் சிரமமாகா.

குடியானவர்கள் செய்யவேண்டியதைச் சுருங்கக் கூறுவோம். சேர்த்த தேதியைக் குறித்து, மழைக்குத் தப்பி ஈனும்படி செய்க. ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்தித் தீனியைக் கூட்டுக. குட்டி பிறந்த அரை மணிக்குள் சீம்பால் ஊட்டுக. தொப்புளுக்கு அயோடின் இடுக. வாரந்தோறும் குட்டியை நிறுத்துப் பார்த்து வீட்டுப் பங்கை எடுக்க. பாலைக் காய்ச்சி அருந்துக. இவை ஆறையும் தவறாது செய்யும் வீட்டில் இரண்டு ஆடுகளே போதும். பால் அறாது, பட்டியும் குறையாது.